மருத்துவர்களே, டூட்டி முடிந்து கிளம்பும்போது உங்கள் சீனியர் என்ன சொன்னார்?

முன்னாள் முதுநிலை மாணவி, கோவை

சனி காலை தொடங்கிய டூட்டி, ஞாயிறு பிற்பகலிலும் வார்டில்தான் நிற்கிறேன். பருத்திக்குப் பூச்சிமருந்து அடித்து மயங்கிய பையன், விஷமுறிவுக்கு அட்ரோபின் ஓடிக்கொண்டிருக்கிறது. கால் மணிக்கொரு முறை கண்மணி, நாடி, நெஞ்சில் சளிச் சத்தம் என்று பார்க்க வேண்டும். இங்கிருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. டார்ச்சை அவன் கண்ணில் அடித்தபடியே நின்றுகொண்டு தூங்கிவிட்டேன். கை நழுவிய டார்ச்சைப் பிடித்தவர் அவனுடைய அம்மா. “செத்த நேரம் உட்கார் கண்ணு, நான் பிடித்துக்கொள்கிறேன்” என்றார்.

மாலையில், கிளம்பட்டுமா என்று யூனிட் தலைவரைக் கேட்டேன். “யார் தடுத்தது? நாங்கள் இந்த வயதில் கடிகாரம் பார்த்ததில்லை” என்றார். கிளம்பவில்லை. மறுநாள் பணிநேரப் பதிவேட்டில் காலை 8 முதல் இரவு 8 வரை மட்டுமே வேலை செய்ததாக எழுதிக் கையெழுத்திட்டேன். பையன் பிழைத்துவிட்டான். அந்தக் கையெழுத்துதான் இன்னும் உறுத்துகிறது.

எலும்பு முறிவுப் பிரிவு, ஈரோடு

எங்கள் தலைவர் நேர்மாறானவர். சேலம்–கொச்சி சாலையில் வேன் கவிழ்ந்த இரவு முழுக்க அறுவை அரங்கில் நின்றோம். காலையில் பெருந்துறைக்குக் கிளம்ப பைக்கை எடுக்கப் போனேன். அவர் கையை நீட்டினார்: “சாவியைக் கொடு தம்பி. தூங்கி எழுந்து வந்து வாங்கிக்கொள்.” சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரவுண்ட்ஸுக்குப் போய்விட்டார். அதன்பிறகு எங்கள் யூனிட்டில் தூக்கம் வருகிறது என்று சொல்ல யாரும் கூசியதில்லை.

ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர், பொள்ளாச்சி

மாலையில் வயிற்றுவலியோடு வந்த சிறுமி. தொட்டுப் பார்த்த மருத்துவர் இரவு டூட்டி மாறிப் போய்விட்டார். அடுத்து வந்தவருக்கு வயிறு இறுகியது புரியவில்லை. குடல்வால் வெடித்த பிறகே என்னை அழைத்தார்கள். அதனால்தான் சொல்கிறேன், நோயாளியை விட்டுப் போகாதீர்கள். முதலாண்டில் கை பழக வேண்டும். டூட்டிக்கு முன் வயிறு நிறையச் சாப்பிடுங்கள், டீயைக் குறைத்து மோர் குடியுங்கள், கிடைத்த பதினைந்து நிமிடத்திலும் கண்ணை மூடுங்கள், காலுக்கு நல்ல செருப்பு வாங்குங்கள். இரவில் போனில் பொழுதைக் கழிக்காதீர்கள். கல்யாணத்தையும் படிப்பு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

மயக்கவியல், திருப்பூர்

ஐயா, மன்னிக்கவும். அந்தச் சிறுமியைக் கெடுத்தது ஆள் மாறியது அல்ல, அடுத்தவரிடம் ஒப்படைத்த விதம். படுக்கையருகே இருவரும் சேர்ந்து வயிற்றைத் தொட்டிருந்தால் போதும். முதுநிலை மாணவர்களுக்கு வேலை வாரம் 48 மணி நேரம், ஒரே மூச்சில் 12க்கு மிகாமல் என்று மத்திய அரசு 1992இலேயே சொன்னது. வேலையின் அவசரத்துக்கு உட்பட்டு என்ற வாசகமும் கூடவே வந்தது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிமுறைகள் ‘நியாயமான பணிநேரம்’ என்கின்றன, எண் இல்லை. அந்த ஆணையத்தின் பணிக்குழு 2024இல் வாரத்துக்கு 74 மணி நேர வரம்பைப் பரிந்துரைத்தது. எது நியாயம், எது அவசரம் என்று வார்டில் தீர்மானிப்பவர் யூனிட் தலைவர்தானே? நானும் பொய்யாகக் கையெழுத்திட்டவன். பேனாவை நீட்டியவர் நல்ல ஆசிரியர், அதுதான் வலி.

முன்னாள் முதுநிலை மாணவி, கோவை

நான் இப்போது சீனியர். நேற்று என் ஜூனியர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வார்டு வாசலில் நின்றாள். “கிளம்பு அம்மிணி” என்று சொல்ல எனக்கு ஒரு நொடி தாமதமானது. அவள் அதைக் கவனித்துவிட்டாள். பையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள்.