பிளஸ் டூ முடிவு வந்ததும் வீடு தேடி வந்தவர்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரி அனுபவங்கள்

பாலக்கோட்டு வாத்தியார்:

மே மாதம் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இரண்டு வகை வியாபாரிகள் சுற்றுவார்கள். ஒருவர் மாந்தோப்பில் காய்க்கு விலை பேச வருபவர், மற்றவர் கல்லூரி ஏஜென்ட். தோப்புக்காரருக்குப் பேரம் பேசத் தெரியும். பிள்ளையைப் பெற்றவருக்குத்தான் என்ன கேட்பதென்று தெரிவதில்லை.

எங்கள் அரசுப் பள்ளியில் கணிதம், உயிரியல் பிரிவில் படித்த மாணவி ஒருத்தியின் வீட்டுக்கு நான் போனபோது அப்படி ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அவளுடைய அப்பா தக்காளி மண்டியில் சுமை தூக்குபவர். "பெங்களூரில் நர்சிங் சீட் தயாராக இருக்கிறது அண்ணே. பணமெல்லாம் ஸ்காலர்ஷிப்பில் கழிந்துவிடும். மதிப்பெண் பட்டியலையும் டிசியையும் இன்றைக்கே கொடுத்துவிடுங்கள், நாளைக்கு இடம் இருக்காது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எந்த ஸ்காலர்ஷிப், யார் பெயரில் வரும், வராவிட்டால் யார் கட்டுவது என்று கேட்டேன். வண்ணத் துண்டறிக்கையை நீட்டினார். அதில் கட்டடத்தின் படம் இருந்தது, கட்டண விவரம் இல்லை. நர்சிங் கவுன்சில் அங்கீகாரத்துக்கான கடிதம் இருக்கிறதா என்றதும், "சார், நீங்கள் பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுக்கிறீர்கள்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

இவர்கள் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார்கள் என்பதைப் பெற்றோர் புரிந்துகொள்ள வேண்டும். தேர்வு முடிவு மே மாதம் வருகிறது. பொறியியல் கலந்தாய்வு தொடங்க ஜூலை ஆகிவிடும், நர்சிங் கலந்தாய்வு அதற்கும் பின்னால். இந்த இடைவெளிதான் ஏஜென்டின் அறுவடைக் காலம். அசல் சான்றிதழ் ஒருமுறை கைமாறிவிட்டால், கலந்தாய்வில் நல்ல இடம் கிடைத்தாலும் பிள்ளை போக முடியாது.

அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசியபோதுதான் நர்சிங் ஆசை ஏஜென்டுடையது, அவளுடையது இல்லை என்று தெரிந்தது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கட் ஆஃப் போட்டுப் பார்த்தோம், நன்றாகவே இருந்தது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் வரை நீண்டது. அந்த ஒதுக்கீட்டில் பொறியியலில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. விடுதிக் கட்டணம் என்றதும் அவளுடைய அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்துப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

உங்கள் வீட்டுக்கு யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள்? எழுதுங்கள்.

காவேரிப்பட்டணத்து அக்கா:

என் தங்கையை அப்படித்தான் வெளிமாநிலக் கல்லூரி ஒன்றில் சேர்த்தார்கள். பெயர் வேண்டாம். முதலாண்டு முழுக்கப் பாராட்டு மழை. இரண்டாம் ஆண்டு ஸ்காலர்ஷிப் வரவில்லை, முழுத் தொகையையும் கட்டுங்கள் என்றார்கள். ஏஜென்டின் கைப்பேசி அணைந்தே கிடந்தது. படிப்பை விட்டு வந்துவிடலாம் என்றால் மீதி ஆண்டுகளுக்கான பணத்தையும் கட்டினால்தான் சான்றிதழ் தருவோம் என்று அலுவலகத்தில் உட்கார்ந்தவர் சிரித்தபடியே சொன்னார். அந்தச் சிரிப்பை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. அப்பா நகையை வைத்துக் கட்டினார். படித்து முடித்துவிட்டாள், வேலையிலும் இருக்கிறாள். நகை இன்னும் வங்கியில்தான்.

ஓசூர் ஷிப்ட்காரன்:

எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. பத்தாவதில் நான் வாங்கிய மதிப்பெண்ணுக்கு யார் வருவார்கள்? அரசு ஐடிஐயில் ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தேன். கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ். உறவினர்கள் "ஐடிஐயா?" என்று இழுத்த இழுப்பு காதில் இன்னும் இருக்கிறது.

அப்ரெண்டிஸாக ஓசூருக்குப் போனபோது கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு மூத்தவர்தான் வழி சொன்னார். "தம்பி, ஐடிஐ முடித்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு. டிப்ளமோ முடித்தால் பொறியியலிலும் நேராக இரண்டாம் ஆண்டு. அவசரப்படாதே, ஆனால் நின்றும் விடாதே." ஏணி இருப்பதையே பள்ளியில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. டிப்ளமோ முடித்துவிட்டேன். பொறியியல் படிப்பது பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை, இரவு ஷிப்ட் முடிந்து வந்தால் தூக்கம்தான் முதலில் முடிவெடுக்கிறது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். பிளஸ் டூ முடித்ததும் ஆலையில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்த நண்பர்கள் அந்த வருடம் என்னைவிட அதிகம் சம்பாதித்தார்கள். அதைப் பார்த்து மனம் அலைபாயும், அது இயல்புதான். ஒப்பந்தம் முடிந்ததும் அடுத்து எந்த வாசலில் நிற்பது என்பதுதான் அவர்கள் இப்போது கேட்கிற கேள்வி.

அரூர் மாமா:

எல்லா ஏஜென்டும் திருடன் இல்லை வாத்தியாரே. என் மைத்துனர் மகனை நேர்மையாகச் சேர்த்துவிட்டவரும் உண்டு. ஆனால் உள்ளூரில் இருப்பதே நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை என்பது உண்மை. தருமபுரியில் 2017 முதல் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. பிளஸ் டூ முடித்தால் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு. என் மகள் வக்கீலாக வேண்டும் என்றபோது சேலத்துக்கு அனுப்ப வேண்டுமா என்று வீட்டில் ஒரு வாரம் சண்டை. செட்டிக்கரையில் அரசு பொறியியல் கல்லூரி, ஜீனூரில் தோட்டக்கலைக் கல்லூரி இருப்பதையும் அந்தச் சண்டைக்குப் பிறகு விசாரித்தபோதுதான் அறிந்தோம். வாத்தியாரே, குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்கும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணச் சலுகை கிடைக்க முதல் பட்டதாரிச் சான்றிதழ் வேண்டும் என்கிறார்களே, அதை எப்போது வாங்க வேண்டும்?

பாலக்கோட்டு வாத்தியார்:

முடிவு வரும்வரை காத்திருக்காதீர்கள் ஐயா, தேர்வு முடிந்ததுமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், துணை வட்டாட்சியர் என்று கோப்பு நகர வேண்டும், ஜூனில் எல்லோரும் ஒரே நேரத்தில் போய் நிற்பார்கள். வீட்டில் தாத்தா முதல் அண்ணன், அக்கா வரை யாரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது. கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் இந்தச் சலுகை உண்டு, நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. சாதிச் சான்றிதழில் பெயரின் முதலெழுத்து மதிப்பெண் பட்டியலில் இருப்பதுபோலவே இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்துக்கு நகலைப் பதிவேற்றினால் போதும். அசலைக் கல்லூரியில் சேரும் நாள்வரை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.