மறு: பிக்கப்பின் பின்பக்க சஸ்பென்ஷனைத் தாழ்த்துவதற்குத் தமிழில் என்ன சொல்?

நண்பர்களுக்கு வணக்கம்.

பிக்கப்பில் டிரெய்லர் இழுப்பதைப் பற்றிய கையேட்டைத் தமிழாக்க, பின்பக்க சஸ்பென்ஷனை (அச்சுக்கும் வண்டியின் சட்டமான சேசிஸுக்கும் நடுவில் நின்று குலுக்கலைத் தாங்கும் அமைப்பை) தாழ்த்துவதற்குச் சொல் தேடும் இந்த இழையை முதலிலிருந்து இன்று காலைதான் படித்து முடித்தேன். இந்த வேலையைக் கையால் செய்து பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> 'பின்புற இடைநீக்கத்தைக் குறைத்தல்' என்று போட்டால் போதாதா? பொறி மொழிபெயர்ப்பும் அப்படித்தான் தருகிறது.

போதாது ஐயா. இடைநீக்கம் என்றால் ஒருவரை வேலையிலிருந்து தற்காலிகமாக விலக்கிவைப்பது. அதை அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவில் கொண்டுவந்து வைத்தால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. அதைவிட ஆபத்தானது 'குறைத்தல்'. எதைக் குறைப்பது? உயரத்தையா, விறைப்பையா, தாங்கும் சுமையையா? பட்டறையில் இவை வேறு வேறு வேலைகள். கையேட்டில் 'குறை' என்று மட்டும் எழுதியிருந்து, அதைப் படித்த ஒருவர் கமான் பட்டையில் (அடுக்கிய எஃகு வில் பட்டைகளில்) ஒன்றை உருவிவிட்டால் வண்டி தாழும்தான். கூடவே சுமை தாங்கும் திறனும் போய்விடும். இழுவைக்காகச் செய்யப் போன வேலை இழுவைக்கே உலை வைத்துவிடும். நம் சொல் அந்தத் தவறுக்கு இடம் தரக் கூடாது என்பதுதான் என் முதல் கவலை.

முதலில் இந்த வேலையை எதற்குச் செய்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம். பம்பருக்கு அடியில் குண்டுக் கொக்கியில் (உருண்டை முனையுள்ள கொக்கியில்) மாட்டி இழுக்கும் டிரெய்லருக்குப் பிக்கப்பைத் தாழ்த்த வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. கீழே வளைந்த கொக்கித் தண்டு ஒன்றை மாட்டினால் குண்டு வேண்டிய உயரத்துக்கு வந்துவிடும். சிக்கல் வருவது, இணைப்பு பிக்கப்பின் தொட்டிக்குள்ளேயே, அதாவது பின்னால் சரக்கு ஏற்றும் திறந்த பகுதிக்குள்ளேயே, இருக்கும் பெரிய டிரெய்லர்களில். நான்கு சக்கரமும் இழுக்கும் இன்றைய பிக்கப்புகள் உயரமானவை, அவற்றின் தொட்டிச் சுவரும் உயரம். டிரெய்லரின் கழுத்துப் பகுதி அந்தச் சுவருக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய 6 அங்குல இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் மேடு பள்ளத்தில் கழுத்து வந்து சுவரில் இடிக்கும். இடைவெளிக்காக டிரெய்லரின் கழுத்தை உயர்த்தினால் அதன் மூக்கு வானத்தைப் பார்க்கும். இரட்டை அச்சு டிரெய்லராக இருந்தால் பின் அச்சில் சுமை கூடி, முன் அச்சு இளைத்துப்போகும். அதனால்தான் பிக்கப்பின் பின்பக்கத்தை 2 அங்குலம் போலத் தாழ்த்துகிறார்கள். அழகுக்காகத் தரையோடு தரையாகத் தாழ்த்துவது வேறு சங்கதி.

இனி 'சஸ்பென்ஷன்'.

> தொங்கல், தொங்கலமைப்பு இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

எனக்கு ஒப்பவில்லை. அந்த ஆங்கிலச் சொல், குதிரை வண்டியின் உடலைத் தோல் வார்களில் தொங்கவிட்ட காலத்து நினைவு. இன்று வண்டி தொங்கவில்லை, வில்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது. 'தாங்கல்' என்று ஒருவர் சொன்னதும் பொருத்தம்தான், ஆனால் அதைக் கேட்டதும் மனத்தாங்கல்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. 'வில்தாங்கி' என்றும் ஒரு பரிந்துரை வந்திருக்கிறது. புணர்த்தினால் 'விற்றாங்கி' ஆகும், படிப்பவர் எதையோ விற்றுவிட்டு வாங்கியதாக நினைப்பார்.

நமக்கு வில்வண்டி என்ற சொல் இருக்கிறதே! மாட்டுவண்டிக்கு அடியில் பட்டை பட்டையாக அடுக்கிய எஃகு வில்லைப் பார்த்ததும், யாரையும் கேட்காமல் மக்கள் வைத்த பெயர் அது. பட்டறையில் சொல்லும் 'கமான்' என்பதற்கும் வில் என்றுதான் பொருள். பள்ளி இயற்பியல் நூல்களில் சுருள்வில் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. ஆகவே பட்டைவில், சுருள்வில், காற்றுவில், எல்லாம் சேர்ந்தது வில்லமைப்பு. இதைவிட இயல்பான குடும்பம் நமக்குக் கிடைக்காது.

அடுத்தது 'தாழ்த்துதல்'. இங்கேதான் இழையில் கருத்து பலவாகப் பிரிந்திருக்கிறது.

> பின்னிறக்கம்?

'இறக்கு' என்றால் பாரத்தை இறக்குவதும் ஆகும். சுமை வண்டியைப் பற்றிய கையேட்டில் 'பின்னிறக்கம்' என்று வந்தால், பின்கதவைத் திறந்து மூட்டை இறக்குவது என்றுதான் நினைப்பார்கள்.

> 'தணிப்பு' சொல்லலாமே. தணிந்த கூரை என்கிறோம் அல்லவா?

அருமையான சொல். 'தணித்துக் கட்டு' என்றால் கொத்தனாருக்கும் புரியும். இதை விட மனமில்லாமல் ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்தேன். ஆனால் வில்லுக்குப் பக்கத்திலேயே ஷாக் அப்சார்பர் நிற்கிறது, அது செய்வது அதிர்வைத் தணிக்கும் வேலை. ஒரே பக்கத்தில் 'பின்தணிப்பு' உயரத்தையும் 'அதிர்வுத்தணிப்பு' ஆட்டத்தையும் குறித்தால் குழப்பம்தான் மிஞ்சும். கலைச்சொல்லுக்கு அழகு மட்டும் போதாது, பக்கத்துச் சொல்லோடு மோதாமலும் இருக்க வேண்டும். இதே காரணத்தால் 'பதிவு' கூடாது. பதிவான நிலம் என்பது நல்ல தமிழ், ஆனால் வண்டி என்றாலே பதிவு எண்தான் நினைவுக்கு வரும்.

> பட்டறையில் 'ஷேக்கிளை நீட்டு' என்பார்கள். அதையே 'இணைப்பு நீட்டல்' ஆக்கிவிடலாமா?

இதற்கு நான் கடுமையாக மறுப்புச் சொல்வேன், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஷேக்கிள் என்பது பட்டைவில்லின் ஒரு நுனியைச் சேசிஸோடு இணைக்கும், முன்னும் பின்னும் ஆடும் துண்டு. அது இரண்டு விதமாகப் பொருத்தப்பட்டிருக்கும். சில வண்டிகளில் அதன் மேல்நுனி சேசிஸில், கீழ்நுனியில் வில்லின் கண் (நுனி வளையம்). அதில் நீளமான ஷேக்கிளைப் போட்டால் வண்டி உயரும். வேறு சில பிக்கப்புகளில் தலைகீழ்: கீழ்நுனி சேசிஸ் தாங்கியில், மேல்நுனியில் வில்லின் கண். அதே நீளமான ஷேக்கிள் இதில் வண்டியைத் தாழ்த்தும். அச்சு நடுவில் இருப்பதால் ஷேக்கிள் பக்கம் 2 அங்குலம் மாறினால் அச்சின் மேலே சுமார் 1 அங்குலம்தான் மாறும். ஒரே பாகம் ஒரு வண்டியை ஏற்றுகிறது, இன்னொன்றை இறக்குகிறது. பாகத்தின் பெயரால் வேலைக்குப் பெயர் வைத்தால், பாதிப் பேர் நேர் எதிரான வேலையைச் செய்துவிடுவார்கள். வேறு வழிகளும் உண்டு. அச்சுக்கும் வில்லுக்கும் நடுவிலுள்ள கட்டையை எடுத்துவிட்டுச் சிறிய கட்டை வைப்பது ஒன்று. வில்லுக்குக் கீழே இருக்கும் அச்சை வில்லுக்கு மேலே மாற்றிக் கட்டுவது இன்னொன்று. இந்தக் கடைசி வழியில் ஒரே அடியாக 5, 6 அங்குலம் இறங்கிவிடும், சேசிஸில் பிறை வடிவில் வெட்டித் தகடு வைத்து வலுப்படுத்த வேண்டியும் வரலாம். இழுவைக்கு அவ்வளவு தேவையில்லை. வழி எதுவானாலும் விளைவு ஒன்றுதான், அதனால் விளைவுக்குத்தான் பெயர் வைக்க வேண்டும்.

என் பரிந்துரை: பின்னுயரக் குறைப்பு.

பார்த்தால் சாதாரணமான சொல்தான். ஆனால் அதற்குள் 'பின்னுயரம்' என்ற பெயர் இருக்கிறது, டேப்பை வைத்து அளக்கக்கூடிய ஒன்று. சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே மட்கார்டு வளைவின் விளிம்பு வரைக்கும் உள்ள தூரம் பின்னுயரம். தரையிலிருந்து அளந்தால் டயரில் காற்று கூடக் குறைய இருப்பதும் கணக்கில் சேர்ந்துவிடும். இப்படி அளந்தால் சேராது. 'தாழ்த்தல்' என்றால் செயல் மட்டும்தான் கிடைக்கும். பின்னுயரம் என்றால் அளவும் கிடைக்கிறது, வினையும் தானாக வருகிறது: பின்னுயரத்தை 2 அங்குலம் குறைத்தோம், பின்னுயரம் கூடிவிட்டது, பின்னுயரம் இரண்டு பக்கமும் சமமாக இல்லை. முன்பக்கத்துக்கு முன்னுயரம் என்று ஒரு எழுத்துகூடக் கூடுதலாக யோசிக்க வேண்டியதில்லை.

ஒரு நண்பரின் பிக்கப்பில் இந்த வேலையைச் செய்தபோதுதான் இது எனக்கு உறைத்தது. கம்பி பிரஷால் துருவைத் தேய்த்து எடுத்ததும், வில்லுக்கும் அச்சுக்கும் நடுவில் 4 அங்குல இரும்புக் கட்டை தெரிந்தது. மேலே வில்லின் நடு ஆணி உட்காரும் குழி, அதைச் சுற்றி வில் அழுந்திய தடம். அதை எடுத்துவிட்டு 2 அங்குலக் கட்டை வைத்தோம். வில்லையும் அச்சையும் சேர்த்துக் கட்டும் யூ போல்ட்டைப் புதிதாக, நீளம் குறைவானதாகத்தான் போட வேண்டும். பழையது ஒரு முறை இறுகி நீண்டுபோனது, மறுபடி போட்டால் பிடிப்பை நம்ப முடியாது. இறுக்கி, வண்டியை இறக்கி அளந்தால் பின்னுயரம் சரியாக 2 அங்குலம் குறைந்திருந்தது. வில்லில் கையே வைக்கவில்லை, அதனால் விறைப்பும் மாறவில்லை. 'உயரம் குறைந்தது, வில் மாறவில்லை' என்று நண்பரிடம் சொன்னேன், அவருக்கு உடனே விளங்கிவிட்டது. இந்தச் சொல்லின் முழு நியாயமும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

எழுந்து கையைத் துடைக்கும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. அந்த வண்டியில் பின் பிரேக்குக்குச் சுமையைப் பார்த்து அழுத்தம் விடும் வால்வு இருந்தது. சேசிஸில் வால்வு, அச்சிலிருந்து அதன் நெம்புகோலுக்கு ஒரு மெல்லிய கம்பி. சேசிஸ் அச்சை நெருங்கினால் பாரம் ஏறியிருக்கிறது என்று அந்தக் கம்பி வால்வுக்குச் சொல்லும். நாங்கள் கட்டையை எடுத்ததிலேயே சேசிஸ் 2 அங்குலம் நெருங்கிவிட்டது. வெறும் வண்டி, ஆனால் நெம்புகோல் பாரவண்டி போல மேலேறி நிற்கிறது! அப்படியே ஓட்டியிருந்தால் ஈரச் சாலையில் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும். தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குக் கம்பியைச் சரிசெய்த பிறகுதான் வண்டியை வெளியே எடுத்தோம். முகப்பு விளக்கின் கோணத்தையும் திருத்தினோம், பின்பக்கம் தாழ்ந்தால் ஒளி மேலே ஏறும்.

அந்த வால்வுக்குத் தெரியாத வேறுபாடு நம் சொல்லுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாமே குறைத்தது ஒன்று, பாரத்தால் தாழ்வது வேறொன்று. பின்னதற்கு 'அமுக்கம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஈழத் தமிழில் அமுக்கம்தான் அழுத்தம், வளியமுக்கம் என்று அவர்கள் புழங்குகிறார்கள். டயர், காற்றுவில் என்று பேசும் இடத்தில் அது மோதும். சுமைத்தாழ்வு என்று வைப்போம். பாரத்தை எடுத்தால் சுமைத்தாழ்வு மறையும், பின்னுயரக் குறைப்பு மறையாது. வயதாகி வளைவு இழந்த வில்லுக்குப் புதுச்சொல்லே வேண்டாம், 'பட்டை உட்கார்ந்துவிட்டது' என்று பட்டறை எப்போதோ சொல்லிவிட்டது. காற்றுவில் உள்ள வண்டி கொக்கி மாட்டுவதற்காகச் சற்று நேரம் பின்பக்கத்தைத் தாழ்த்திக் கொடுப்பதற்கு 'மண்டியிடுதல்' என்று ஒரு தோழி எழுதியது எனக்கு மிகவும் பிடித்தது.

இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. அச்சு மேலே வந்து முட்டும் ரப்பர் தடுப்புக்கு 4 அங்குல இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின்னுயரக் குறைப்பு 2 அங்குலம், சுமைத்தாழ்வு 2 அங்குலம். கூட்டினால் மிச்சம் ஒன்றுமில்லை, ஒவ்வொரு பள்ளத்திலும் இடிக்கும். இரண்டுக்கும் 'தாழ்வு' என்று ஒரே பெயர் வைத்திருந்தால் இந்தக் கூட்டலைப் போடவே யாருக்கும் தோன்றாது.

கடைசியாக, டிரெய்லரின் மூக்கு கொக்கியை அழுத்தும் பாரம்.

> 'நாக்கு எடை' என்று நேராக மொழிபெயர்த்திருக்கிறேன். பொருந்துமா?

நாக்கு வேண்டாம். வண்டிக்காரர்கள் முன்பாரம், பின்பாரம் என்பார்கள். மாட்டின் கழுத்தில் அழுத்தினால் முன்பாரம், ஏர்க்கால் மேலே தூக்கினால் பின்பாரம். டிரெய்லருக்கும் கணக்கு அதேதான். குண்டுக் கொக்கியில் மாட்டும் டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு முன்பாரமாக இருக்க வேண்டும். 3,000 கிலோ டிரெய்லருக்கு 300 முதல் 450 கிலோ. தொட்டிக்குள் இணையும் டிரெய்லருக்கு இன்னும் கூடுதல், 15 முதல் 25 விழுக்காடு. முன்பாரம் குறைந்தால் டிரெய்லர் வாலை ஆட்டும். மாட்டு வண்டியில் மாடு அடைந்த பாடு இப்போது பிக்கப்பின் பின் வில்லுக்கு, அவ்வளவுதான்.

கையேட்டின் அந்தப் பத்தியை இந்தச் சொற்களால் எழுதிப் பார்த்தேன்:

'பின்னுயரக் குறைப்பால் வண்டியின் இழுக்கும் திறன் கூடாது. முதலில் வெறும் வண்டியின் பின்னுயரத்தை இரு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளவும். டிரெய்லரை மாட்டி, முன்பாரம் ஏறிய பின் மறுபடி அளந்தால் சுமைத்தாழ்வு தெரியும். பட்டை உட்கார்ந்த வில்லாக இருந்தால் அதை மாற்றிய பிறகே பின்னுயரத்தைக் குறைக்கவும்.'

ஆங்கிலத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமலே இது புரிகிறதா என்று வண்டி ஓட்டுபவர் யாரிடமாவது படித்துக்காட்டிச் சொல்லுங்கள். ஷேக்கிளுக்கு மட்டும் எனக்கு இன்னும் மனதுக்குப் பிடித்த சொல் அமையவில்லை. 'ஊசல் இணைப்பு' என்று யோசித்தேன், முன்னும் பின்னும் ஆடுவதால். 'வில்கண் இணைப்பு' என்றால் இடம் தெரிகிறது, ஆட்டம் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்ல யாருக்காவது வழி தெரிந்தால் எழுதுங்கள். அதுவரை கையேட்டில் ஷேக்கிள் ஷேக்கிளாகவே இருக்கட்டும்.

அன்புடன்.