சிவிலைசேஷன் 7: சோழரைத் தேர்ந்தெடுத்ததும் உறைந்துவிடும் ஆட்டம், உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன்.

2025 பிப்ரவரியில் நாகரிகங்களை வளர்க்கும் வியூக வீடியோ விளையாட்டான சிவிலைசேஷன் 7 வெளிவந்தபோது, ஒரே நாகரிகத்தை இறுதிவரை நடத்திச் சென்ற பழைய முறையை விட்டு, ஆட்டத்தை மூன்று காலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வேறொரு நாகரிகத்துக்கு மாறும்படி செய்திருந்தார்கள். பலர் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். எனக்கோ, மௌரியராகத் தொடங்கிச் சோழராகிக் கடலில் இறங்குவதே இதன் பெரிய மகிழ்ச்சி. ஆனால் திரையில் தகவல்கள் போதவில்லை என்று எழுந்த குறை முற்றிலும் நியாயமானது.

அதற்காகவே, நகரத்தின் உணவு, உற்பத்திக் கணக்குகளை விரிவாகக் காட்டும், ரசிகர் ஒருவர் உருவாக்கிய மாட் (mod, ஆட்டத்தை மாற்றியமைக்கும் கூடுதல் நிரல்) ஒன்றைச் சேர்த்திருந்தேன். அண்மைய அப்டேட்டுக்குப் பிறகு, முதல் காலம் முடிந்து சோழரைத் தேர்ந்தெடுத்து உறுதிசெய்தவுடன் திரை அப்படியே உறைந்துவிடுகிறது. இசை மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. மாட் இல்லாமல் தொடங்கிய புதிய ஆட்டத்தில் இந்தச் சிக்கல் வரவில்லை.

பழைய ஆட்டம் நானும் தம்பியும் மாறி மாறி உட்கார்ந்து வளர்த்தது என்பதால், அதைக் கைவிட மனமில்லை. சேமித்த கோப்பு கெடாமல் அந்த மாட்டை மட்டும் நீக்க வழி உண்டா? காலம் மாறுவதற்குச் சில சுற்றுகள் முன்பான தானியங்கிச் சேமிப்பிலிருந்து தொடர்ந்தால் சரியாகுமா? விண்டோஸ் 11 கணினியில் இதே சிக்கலைச் சந்தித்து மீண்டவர்கள், செய்ததை வரிசையாக எழுதினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.