கிணற்றுப் பங்கு வழக்கு: சமரச மையம் சென்றவர்கள் உதவுங்கள்

வணக்கம். மேலூர்ப் பக்கம் எங்கள் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பொதுக்கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் இறைப்பது பற்றி உரிமையியல் வழக்கு நடக்கிறது. நீதிபதி இப்போது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவின்படி சமரசத் தீர்வு மையத்துக்கு அனுப்பியிருக்கிறார்.

"ஊர் மந்தையில் தீராதது அங்கே தீருமாக்கும்!" என்று அப்பா முறைக்கிறார். மந்தையில் தீர்ப்புச் சொல்வார்கள். இங்கே சமரசர் தீர்ப்பே சொல்வதில்லை, பேசியது வெளியே போகாது, ஒத்துவராவிட்டால் வழக்கு பழையபடி நடக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை. சமரசமானால் நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்றதும்தான் சற்று இறங்கி வந்தார்.

மதுரையில் இப்படிப் பேசி முடித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? முறை நாள், மோட்டார் பழுது, தூர்வாரும் செலவு எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதினீர்களா? நாளை ஒருவர் தன் பங்கை விற்றால், வாங்குபவரையும் அது கட்டுப்படுத்தும்படி எப்படி எழுதுவது? சித்தப்பா அப்பாவின் முகத்தைப் பார்த்தே பேசமாட்டார். சமரசர் இருவரிடமும் தனித்தனியாகப் பேசியது உங்களுக்குப் பலன் தந்ததா?

இன்னொன்று, அத்தையை உடன் அழைத்துச் செல்ல விடுவார்களா? அவர் அதட்டலுக்கு மட்டும்தான் அண்ணன் தம்பி இருவரும் அடங்குவார்கள்.

பொதுவான அறிவுரை வேண்டாம், நேரில் கண்டதைச் சொல்லுங்கள். முதல் அமர்வு அடுத்த வாரம்.