மறு: சவுண்ட்ஸ்கேப் – ஒலிச்சூழலா, ஒலித்திணையா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலத்தின் ‘சவுண்ட்ஸ்கேப்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்கு, ‘ஒலிச்சூழல்’ போதும் என்று இந்த இழையில் பலரும் எழுதியிருக்கிறீர்கள். எளிய சொல்தான். ஆனால் அதை இங்கே கொடுத்துவிட்டால் அகூஸ்டிக் என்விரான்மென்டை என்னவென்று சொல்வது? இந்தத் துறைக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 12913-இன் முதல் பகுதி (2014) இரண்டையும் தனித்தனியாக வைக்கிறது. ஓரிடத்துக்கு எல்லாப் பக்கமிருந்தும் வந்து சேரும் ஒலி அகூஸ்டிக் என்விரான்மென்ட். அந்த ஒலியை அங்கிருப்பவர் அந்தச் சந்தர்ப்பத்தில் எப்படி உணர்கிறார், என்னவென்று எடுத்துக்கொள்கிறார் என்பது சவுண்ட்ஸ்கேப். முன்னதை டெசிபல் மீட்டர் சொல்லிவிடும். பின்னதை ஆளிடம் கேட்டால்தான் உண்டு.

விடியற்காலையில் தெருக்குழாயில் தண்ணீர் வருமுன் காற்று சீறும். குடத்தோடு காத்திருப்பவருக்கு அந்தச் சீறல் கேட்டதும் மனசு குளிர்ந்துவிடும். இரவு வேலை முடித்து அப்போதுதான் கண்ணயர்ந்த மாடிவீட்டுக்காரருக்கு அது எரிச்சல். ஒலிச்சூழல் ஒன்றுதான். நாம் பெயர் தேடுவது அந்த மனக்குளிர்ச்சியையும் எரிச்சலையும் சேர்த்துச் சொல்லும் பொருளுக்கு.

‘ஒலிக்காட்சி’ கண்ணுக்குப் போய்விடுகிறது. ‘ஒலிப்புலம்’ எனக்கும் பிடித்த சொல், புலன் என்பதும் அதில் ஒலிக்கிறது. ஆனால் மின்புலம், காந்தப்புலம் என்று பழகிய இயற்பியல்காரர்கள் அதைச் சவுண்ட் ஃபீல்டு என்றுதான் படிப்பார்கள்.

என் பரிந்துரை: ஒலித்திணை. திணை வெறும் நிலம் அல்லவே! நிலமும் பொழுதும் முதற்பொருள், மனநிலை உரிப்பொருள். தொல்காப்பியம் சொல்லும் கருப்பொருள்களில் புள்ளும் பறையும் யாழும் இருக்கின்றன. இடம், நேரம், ஒலி, உணர்வு நான்கையும் ஒன்றாகப் பார்க்க நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கும்போது அதை ஏன் விட வேண்டும்? உயர்திணை, அஃறிணையோடு குழம்பும் என்றால், ‘ஒலி’ முன்னால் நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது என்றே நினைக்கிறேன்.

கனடாவில் இசையமைப்பாளர் ஆர். மரே ஷேஃபர் 1970களில் சவுண்ட்ஸ்கேப் துறையை வளர்த்தபோது அவர் கேட்டது இரைச்சலை எப்படிக் குறைப்பது என்று மட்டுமல்ல, எந்த ஒலிகளைக் காப்பாற்றி வைப்பது என்றும்தான். அதனால் ‘ஒலிமாசு’க்குப் பக்கத்தில் வைக்கும் சொல்லாக இது சுருங்கிவிடக் கூடாது.

அப்புறம், இதே ஐஎஸ்ஓ தரத்தின் 2018 பகுதியில், ஓரிடத்தின் ஒலி எப்படி இருக்கிறது என்று மக்களிடம் கேட்க எட்டு உரிச்சொற்கள் வருகின்றன. ஆறு சுலபம்: இதமான, எரிச்சலூட்டும், கலகலப்பான, அமைதியான, களேபரமான, சலிப்பூட்டும். ஈவன்ட்ஃபுல், அன்ஈவன்ட்ஃபுல் இரண்டும்தான் இடிக்கின்றன. ‘நிகழ்வு நிறைந்த’ என்று கேட்டால் யாருக்கும் புரியாது. ‘சந்தடி மிகுந்த’ சரியாக இருக்கும், கொஞ்சம் எரிச்சல் பக்கம் சாய்ந்தாலும். எதிர்ப்பதத்துக்கு ‘வெறிச்சோடிய’ வேண்டாம், அதில் சோகம் ஒட்டியிருக்கிறது. நல்லதும் கெட்டதும் ஒட்டாத சொல் உங்கள் வட்டார வழக்கில் இருந்தால் எழுதுங்கள்.