பச்சை மிளகாய் ஊறிய டெக்கீலா: மணம் வேண்டும், இவ்வளவு எரிச்சல் வேண்டாம்

முல்லைக்கொடி கேட்கிறார்:

வணக்கம். சென்ற சனிக்கிழமை வீட்டிற்கு வந்த நண்பர்களுக்குக் காரமான மார்கரிட்டா என்ற டெக்கீலா பானம் கலந்து கொடுக்கலாம் என்று, முந்தைய இரவே ஐந்து பச்சை மிளகாய்களை நீளவாக்கில் பிளந்து 750 மில்லி டெக்கீலா பாட்டிலுக்குள் போட்டு வைத்தேன். காலையில் மூடியைத் திறந்தபோது, அப்போதுதான் காம்பு கிள்ளியது போன்ற பச்சை வாசம் அருமையாக இருந்தது. ஆனால் மாலையில் எலுமிச்சைச் சாறும் ஆரஞ்சு லிக்கர் என்ற இனிப்பு மதுவும் சேர்த்துக் குலுக்கிக் கொடுத்ததும், முதல் மிடறிலேயே ஒருவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. யாரும் கோப்பையை முடிக்கவில்லை.

மது அருந்தாத இருவருக்காக அதே மிளகாயில் இன்னும் ஐந்தைச் சர்க்கரைப் பாகில் போட்டுக் கால் மணி நேரம் கொதிக்க வைத்து, சோடாவுடன் கலந்திருந்தேன். அதில் காரம் பேருக்குத்தான் இருந்தது. பச்சை வாசமும் போய், வெந்த குடைமிளகாயின் வாசனைதான் மிஞ்சியது. ஒரே மிளகாய் இரண்டு இடங்களில் இப்படி வேறுபட்டு நடந்துகொள்வது ஏன்? மீதமுள்ள டெக்கீலாவைக் காப்பாற்ற வழி உண்டா?

வேதியியல் ஆசிரியர்:

மிளகாயின் காரத்திற்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் மிகச் சிறிதளவே கரையும்; கொழுப்பிலும் சாராயத்திலும் (ஆல்கஹால்) நன்றாகக் கரையும். உங்கள் பாகு பெரும்பாலும் தண்ணீரும் சர்க்கரையும்தான் என்பதால் காரத்தில் பெரும்பகுதி மிளகாயிலேயே தங்கிவிட்டது. டெக்கீலாவோ ஏறத்தாழ 40 சதவீதம் சாராயம்; இரவு முழுவதும் அவகாசமும் கொடுத்துவிட்டீர்கள். 1912இல் அமெரிக்க மருந்தாளுநர் வில்பர் ஸ்கோவில் மிளகாயின் காரத்தை அளக்க முற்பட்டபோது, காரத்தைப் பிரித்தெடுக்கச் சாராயத்தையும், பின்னர் அதை நாக்குக்குத் தெரியாத அளவுக்கு நீர்க்கச் செய்யச் சர்க்கரை நீரையும் பயன்படுத்தினார். உங்கள் சமையலறையில் அவருடைய சோதனையின் இரண்டு பாதிகளும் அருகருகே நடந்திருக்கின்றன.

இன்னொன்றும் உண்டு. கேப்சைசின் தூண்டுவது நாக்கில் சூட்டை உணரும் அதே உணர்வியைத்தான். சாராயமும் அந்த உணர்வியை எளிதில் தூண்டப்படும்படி செய்துவிடுகிறது. ஆகவே மதுவில் கலந்த காரம், அதே அளவு காரம் சாம்பாரில் இருந்தால் உறைப்பதைவிடக் கூடுதலாகவே உறைக்கும்.

பாகில் வாசம் கெட்டதற்குக் காரணம் கொதிக்க வைத்ததுதான். பச்சை மிளகாய்க்கும் குடைமிளகாய்க்கும் பொதுவான அந்தப் பச்சை மணம் பைரசீன் வகைச் சேர்மங்களால் வருவது. அவை ஆவியோடு எளிதில் வெளியேறிவிடும். அடுத்த முறை பாகை அடுப்பிலிருந்து இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் மிளகாயைப் போட்டு மூடி வையுங்கள்.

கண்ணாடிக்கோப்பை:

பத்து ஆண்டுகளாக மதுக்கூடத்தில் பானம் கலக்கும் வேலையில் இருக்கிறேன். மிளகாயை மதுவில் போட்டுவிட்டுத் தூங்கப் போவதுதான் இதில் எல்லோரும் செய்யும் முதல் தவறு, நானும் செய்திருக்கிறேன். மணம் முதலில் இறங்கும், காரம் பின்னால் ஏறிக்கொண்டே போகும். எனவே 200 மில்லிக்கு ஒரு மிளகாய் என்று சிறிய அளவில் தொடங்கி, ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை கரண்டி நுனியில் தொட்டுச் சுவைத்து, உதட்டில் இளஞ்சூடு தெரிந்த உடனே வடிகட்டிவிடுங்கள். பச்சை மிளகாயானால் அரை மணி நேரத்தைத் தாண்டி நான் விட்டதே இல்லை. சுவைத்துப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கடிகாரத்தை மட்டும் நம்பவும் கூடாது, ஏனென்றால் ஒரே செடியில் பறித்த இரண்டு காய்களே ஒரே காரத்தில் இருப்பதில்லை.

விதையை நீக்கினால் போதும் என்று பலர் சொல்வார்கள். காரம் மிகுந்திருப்பது விதையில் அன்று, விதை ஒட்டிக்கொண்டிருக்கும் வெண்மையான உட்பகுதியில்தான். அதைக் கத்தி முனையால் சுரண்டி எடுத்துவிட்டுத் தோலை மட்டும் போட்டால், மணத்தில் குறையில்லாமல் காரம் பெரிதும் அடங்கும்.

உங்களிடம் மீதமிருப்பதைக் கொட்டிவிடாதீர்கள். 50 மில்லி டெக்கீலா தேவைப்படும் இடத்தில் 40 மில்லி சாதா டெக்கீலாவும் 10 மில்லி உங்களுடையதும் சேருங்கள்; அப்போதும் காரம் மிகுந்தால் உங்களுடையதை 5 மில்லியாகக் குறையுங்கள். ஊறவைக்காமலே செய்யவும் வழி இருக்கிறது: சர்வதேச பார்டெண்டர்கள் சங்கத்தின் பட்டியலில் உள்ள ஸ்பைசி ஃபிஃப்டி என்ற பானத்தில், வெனிலா வோட்காவோடு சிவப்பு மிளகாயின் இரண்டு மெல்லிய வில்லைகளை மட்டும் போட்டுக் குலுக்குகிறார்கள். அந்தச் சில நொடிகளில் இறங்கும் காரமே போதுமானது. தேன் பாகு அதை மேலும் தணிக்கிறது.

மலபார் ரயில்:

மது அருந்தாதவர்களுக்கு மிளகாய்ப் பாகு காய்ச்சவே வேண்டியதில்லை. கோழிக்கோட்டுக் கடைகளில் கிடைக்கும் குலுக்கி சர்பத்தைப் பார்த்துச் செய்யுங்கள். எலுமிச்சை, சர்க்கரைப் பாகு, ஊறிய சப்ஜா விதை, இஞ்சி, பனிக்கட்டி ஆகியவற்றோடு கீறிய பச்சை மிளகாய் ஒன்றைப் போட்டு, ஒரு டம்ளரின் வாயில் இன்னொன்றைக் கவிழ்த்துப் பிடித்து, நுரை வரும்வரை வேகமாகக் குலுக்கித் தருவார்கள். மிளகாயை நசுக்காமல் கீற மட்டும் செய்வதால், டம்ளரை உதட்டருகே கொண்டு போகும்போதே மூக்கில் மிளகாய் தெரியும். நாக்கில் மெல்லிய உறைப்புதான் படும்.

விருந்தில் யாருக்கேனும் மறுபடியும் உறைத்துவிட்டால் தண்ணீர் கொடுத்துப் பயனில்லை. மோர் கொடுங்கள், பாலிலும் மோரிலும் உள்ள கேசீன் என்ற புரதம் கேப்சைசினைப் பற்றி இழுத்துக்கொண்டு போய்விடும். நம் நீர்மோரில் பச்சை மிளகாயை அத்தனை தாராளமாகத் தட்டிப் போட்டும் நெஞ்சு எரியாமல் குடிக்க முடிகிறது என்றால், இதுவும் ஒரு காரணம்.

முல்லைக்கொடி:

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று மாலை இரண்டையும் செய்து பார்த்தேன். 40க்கு 10 என்ற அளவு எங்களுக்கு இன்னும் சற்று அதிகமாகவே பட்டது. 5 மில்லி சேர்த்தபோது சரியாக வந்தது. குலுக்கி சர்பத்தை என் அம்மா இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார். ஒரே ஒரு ஐயம்: பாட்டிலில் மிளகாய்த் துண்டுகள் இன்னும் கிடக்கின்றன, எடுத்துவிடவா?

கண்ணாடிக்கோப்பை:

இன்றே வடிகட்டிவிடுங்கள். உள்ளே கிடக்கும்வரை காரம் ஏறலாம். காய் வெளுத்துக் கசப்பும் இறங்கும். வடிகட்டியபின் பாட்டிலின் மேல் "காரம்" என்று பெரிதாக எழுதி ஒட்டிவையுங்கள். சாதா டெக்கீலாவுக்கும் அதற்கும் நிறத்தில் வேறுபாடு எளிதில் தெரியாமல் போகலாம்.