புதுப்பிப்பு: பழைய போர்ஷே 911 டர்போ (996) வாங்கலாமா?

முந்தைய இழையில், 2000 முதல் 2005 வரை தயாரான 996 வகை போர்ஷே 911 டர்போ ஒன்றைப் பயன்படுத்தப்பட்ட நிலையில் வாங்க எண்ணுவதாக எழுதியிருந்தேன். அந்தத் தலைமுறையின் எஞ்சினை நம்பலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். இப்போது ஒரு காரை மெக்கானிக்கிடம் காட்டிச் சோதித்தாயிற்று.

அந்த அச்சம் டர்போ இல்லாத சாதாரண 996 கரேராவுக்கே பொருந்தும், அதில்தான் ஐ.எம்.எஸ். பேரிங் (எஞ்சினுக்குள் இடைத்தண்டைத் தாங்கும் பேரிங்) உடைந்து எஞ்சினே பாழாகும் ஆபத்து உண்டு. டர்போவில் இருப்பதோ போர்ஷே பொறியாளர் ஹான்ஸ் மெட்ஸ்கரின் வடிவமைப்பு மரபில் வந்த, 1998இல் ல மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற போர்ஷேயின் ஜி.டி.1 காரின் எஞ்சினுக்கு உறவான, இரட்டை டர்போ பொருத்திய 3.6 லிட்டர் எஞ்சின். 420 குதிரைத்திறன், நான்கு சக்கர இயக்கம், மணிக்கு 305 கி.மீ. உச்ச வேகம் ஆகியவை இன்றைய புதிய கார்களுக்கு முன்னாலும் சளைத்தவை அல்ல.

கவனிக்க வேண்டியது வேறிடத்தில் இருக்கிறது. குளிர்விப்பு நீர்க் குழாய்களின் இணைப்பு முனைகளை ஆலையில் பசையால்தான் ஒட்டியிருக்கிறார்கள் (இவ்வளவு விலையுள்ள காரில் பசையா என்று எனக்கும் தோன்றியது). ஆண்டுக்கணக்கில் சூடேறிப் பசை விட்டுப்போனால் முனை கழன்று, நீர் பின்சக்கரங்களருகே கொட்டிவிடும். நிலையான தீர்வு வெல்டிங். ஆனால் அதற்கு எஞ்சினைக் கீழே இறக்க வேண்டும் என்பதால் கூலியே பெருஞ்செலவாகிறது. நான் பார்த்த காரில் இவ்வேலை முடிந்ததற்கு ரசீது இருக்கிறது. பின்னிறக்கையைத் தூக்கும் ஹைட்ராலிக் அமைப்பில் மட்டும் எண்ணெய்க் கசிவு தென்பட்டது. அதை விலையில் கழிக்கக் கேட்டிருக்கிறேன். விற்பவர் சம்மதித்தால், மானுவல் கியர் கொண்ட இந்தக் காரையே எடுத்துக்கொள்வேன்.